பிக் பிளாக் டிராக் காரில் கியரையும் டார்க் கன்வெர்ட்டரையும் பொருத்திப் பார்ப்பது எப்படி

பிக் பிளாக், அதாவது பெரிய V8 எஞ்சின் போட்டு, கால் மைல் நேர்ப்பாதையில் டிராக் ரேஸ் ஓடும் வண்டி, எதிர்பார்த்த நேரத்தில் ஓடவில்லை என்றால் முதல் பழி எஞ்சினுக்கும் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸுக்கும் நடுவில் ஆயிலால் சக்தியைக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டர் மேல் விழும், அடுத்தது பின் ஆக்சிலில் இருக்கும் கியரான கிரௌன் பினியன் மேல். காசு இருப்பவர் இரண்டையும் மாற்றிப் பார்ப்பார், அப்படியும் வண்டி பழைய நேரத்தையே காட்டும். கியர், கன்வெர்ட்டர், டயர் மூன்றும் சேர்ந்துதான் ஒரு கணக்கு. அதில் ஏதோ ஒரு எண்ணைக் குத்துமதிப்பாகப் போட்டிருப்பார்கள், பெரும்பாலும் டயருடைய எண்ணை. ஆகவே பாகம் வாங்குவதற்கு முன் அளந்து பார்ப்பது எப்படி என்பதில்தான் இங்கே அதிக நேரம் செலவழிக்கப் போகிறேன், பாகங்களைப் பற்றி அப்புறம்.

வேலைப் பிரிவினை இதுதான். முடிவுக் கோட்டைக் கடக்கும்போது எஞ்சின் எந்த ஆர்பிஎம்மில் (நிமிடச் சுற்றில்) இருக்க வேண்டும் என்பதைப் பின் கியர் ரேஷியோ, அதாவது பின் சக்கரம் ஒரு சுற்று வர, கியர்பாக்ஸிலிருந்து பின்னால் வரும் டிரைவ் ஷாஃப்ட் தண்டு எத்தனை சுற்று வருகிறது என்ற எண், தீர்மானிக்கிறது. கிளம்பும் நொடியிலும், கியர் மாறிய நொடியிலும் எஞ்சின் எங்கே போய் நிற்கும் என்பதைக் கன்வெர்ட்டர் தீர்மானிக்கிறது. ஆனால் கோட்டில் நீங்கள் பார்க்கும் ஆர்பிஎம்மில் கன்வெர்ட்டரின் வழுக்கலும் (எஞ்சின் சுற்றும் அளவுக்குக் கியர்பாக்ஸ் பக்கம் சுற்றாமல் பின்தங்குவது) ஒளிந்திருக்கும், டயர் வேகத்தில் வீங்கியதும் ஒளிந்திருக்கும். இதைப் பிரித்துப் பார்க்காமல் 'கோட்டில் 6,900 காட்டுது, கியர் ஜாஸ்தி' என்று முடிவு கட்டினால் தப்பான பாகத்தைக் கழற்றிக்கொண்டிருப்பீர்கள்.

முதலில் எண்கள்

எஞ்சினைச் சோதனை மேடையில் ஓட்டி அளந்த டைனோ சீட்டு வேண்டும். அதில் எல்லோரும் உச்ச குதிரைத்திறனைத்தான் பார்ப்பார்கள். நமக்கு வேண்டியது டார்க் (திருகு விசை) உச்சம் எந்த ஆர்பிஎம்மில், பவர் உச்சம் எந்த ஆர்பிஎம்மில் என்ற இரண்டும்தான். அடுத்து, டிரைவர் ஹெல்மெட்டோடு உட்கார்ந்த நிலையில் வண்டியின் எடை. அப்புறம் டேட்டா லாகர், அதாவது ஓட்டத்தின் எண்களைத் தொடர்ந்து பதியும் கருவி; அந்தப் பதிவைத்தான் லாக் என்பது. எஞ்சின் ஆர்பிஎம்மும் டிரைவ் ஷாஃப்ட் ஆர்பிஎம்மும் பதிவாக வேண்டும், மற்றதெல்லாம் இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் ஓட்டலாம். டிரைவ் ஷாஃப்ட் சென்சார் இல்லாமல் கன்வெர்ட்டரைப் பற்றிப் பேசுவது பாதி ஜோசியம்.

கணக்குக்காக ஒரு வண்டியை எடுத்துக்கொள்வோம். 540 கியூபிக் இன்ச் செவி, 5,000 ஆர்பிஎம்மில் 650 பவுண்டு-அடி டார்க், 6,500-ல் 750 குதிரைத்திறன், டிரைவரோடு 3,400 பவுண்டு, இரண்டு கியர் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸான பவர்கிளைட், 32 இன்ச் ஸ்லிக் (வரிப்பள்ளம் இல்லாத ரேஸ்) டயர். இது எவ்வளவு வேகத்தில் கால் மைலை முடிக்கும் என்று தோராயமாகப் பார்க்க ஒரு பழைய சூத்திரம் உண்டு: குதிரைத்திறனை எடையால் வகுத்து, கன மூலம் எடுத்து, 234-ஆல் பெருக்குங்கள். மணிக்கு 141 மைல் வருகிறது. நாம் 140 என்று வைத்துக்கொள்வோம். உங்கள் வண்டி ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தால் இந்தச் சூத்திரமே வேண்டாம், ரேஸ் முடிந்ததும் கையில் தரும் நேரச் சீட்டில் உள்ள வேகத்தையே எடுங்கள், அதுதான் உண்மை.

டயர் பக்கவாட்டில் 32 என்று எழுதியிருப்பதை நம்பாதீர்கள். ரேஸில் எவ்வளவு காற்று வைப்பீர்களோ அதை வைத்து, டிரைவரை உட்காரச் சொல்லி, டயர் தரையைத் தொடும் இடத்தில் டயரிலும் தரையிலும் சாக்பீஸால் ஒரு கோடு போடுங்கள். வண்டியை நேராக, மெதுவாகத் தள்ளி, டயர்க் கோடு மறுபடி தரையைத் தொடும் இடத்தில் இன்னொரு கோடு. இரண்டுக்கும் நடுவில் இன்ச் டேப்பைப் பிடித்து அளந்து 3.1416-ஆல் வகுத்தால் விட்டம் கிடைக்கும். 101 இன்ச் வந்தால் 32.15. இரண்டு பின் சக்கரத்துக்கும் தனித்தனியாகச் செய்யுங்கள். இரண்டு சக்கரத்தையும் ஒன்றாகப் பூட்டும் ஸ்பூல் போட்ட ரியரில் (பின் ஆக்சிலில்) இரண்டு டயரும் சமமில்லை என்றால் வண்டி ஒரு பக்கம் ஒதுங்கிக்கொண்டே போகும், அதற்கு ஸ்டியரிங்கைக் குறை சொல்வார்கள்.

ஆனால் இது நிற்கும் டயரின் அளவு. பயாஸ் பிளை ஸ்லிக் (நூல் அடுக்குகள் குறுக்கும் மறுக்கும் ஓடும் டயர்) 140 மைல் வேகத்தில் நன்றாக வளரும், ஒரு இன்ச் வளர்வது அதிசயமில்லை. ரேடியல் அவ்வளவு வளராது. கன்வெர்ட்டர் நல்லதா கெட்டதா என்ற சண்டையில் முக்கால்வாசிக்கு இந்த ஒரு இன்ச்தான் காரணம்.

கியர் கணக்கு

சூத்திரம் எல்லோருக்கும் தெரிந்ததுதான்: மைல் வேகம் × கியர் ரேஷியோ × 336 ÷ டயர் விட்டம். இது டிரைவ் ஷாஃப்ட் ஆர்பிஎம்; டாப் கியர் 1.00 என்பதால் கன்வெர்ட்டரிலிருந்து வெளியே வருவதும் இதே ஆர்பிஎம்தான். எஞ்சின் ஆர்பிஎம் வேண்டுமென்றால் வழுக்கலைச் சேர்க்க வேண்டும். 6 சதவீத வழுக்கல் என்றால் 0.94-ஆல் வகுங்கள்.

நம் வண்டிக்கு, வளர்ந்த டயர் 33 இன்ச் என்று வைத்துப் போட்டுப் பார்த்தால், 4.10 கியரில் கோட்டைக் கடக்கும்போது எஞ்சின் சுமார் 6,220-ல் இருக்கும், 4.30-ல் 6,520, 4.56-ல் 6,915. பவர் உச்சம் 6,500. கோட்டைக் கடக்கும்போது உச்சத்தைவிட ஓரிரு நூறு ஆர்பிஎம் மேலே இருப்பது நல்லது, ஏனென்றால் கடைசி நூறு இருநூறு அடியை உச்சத்தின் இரண்டு பக்கமும் பகிர்ந்துகொண்டு ஓட வேண்டும், உச்சத்தைத் தொட்டவுடன் ஓட்டம் முடிந்துவிடக் கூடாது. அப்படிப் பார்த்தால் 4.10 போதாது, 4.56 கொஞ்சம் அதிகம், 4.30 கிட்டத்தட்ட சரி. இன்னும் 200 வேண்டுமென்றால் 32-க்குப் பதில் 31 இன்ச் டயர் போட்டாலே 6,720-க்கு வந்துவிடும், ரியரைத் தொடவே வேண்டாம். டயர் எப்படியும் தேயும், அடுத்த ஜோடி வாங்கும்போது இதை யோசித்து வாங்கினால் போதும்.

ஸ்மால் பிளாக் (சிறிய V8) ஓட்டிப் பழகியவர்கள் பிக் பிளாக்குக்கு வந்ததும் செய்யும் தப்பு, 4.88-லிருந்து யோசிக்க ஆரம்பிப்பது. 8,000 சுற்றும் எஞ்சினுக்கு அந்தக் கியர் தேவை. பிக் பிளாக்கின் பலமே கீழிருந்து வரும் டார்க், அதற்குக் கியரின் கைத்தாங்கல் அவ்வளவு வேண்டாம். தவிர 4.25 இன்ச் ஸ்ட்ரோக் உள்ள கிராங்க் 7,000-ல் சுற்றினால் பிஸ்டனின் சராசரி வேகம் நிமிடத்துக்கு 4,950 அடியைத் தாண்டும். வெளியே கேட்க சுகமாக இருக்கும், உள்ளே ராடும் போல்ட்டும் படும் பாடு வேறு.

கியர் மாற்றுவது எவ்வளவு கஷ்டம் என்பது ரியரைப் பொறுத்தது. ஃபோர்ட் 9 இன்ச்சில் நடுப் பகுதியை மொத்தமாகக் கழற்றி இன்னொன்றை மாட்டலாம், அதனால்தான் பலரும் இரண்டு ரேஷியோவில் இரண்டு செட் வைத்துக்கொள்கிறார்கள். டானா 60, 12 போல்ட் என்ற வேறு இரண்டு ரியரிலும் ஹவுசிங்குக்குள்ளேயே வைத்து ஷிம் (மெல்லிய தகடு) போட்டு பேக்லாஷ் (பற்களுக்கு நடுவில் உள்ள இடைவெளி) சரிபார்க்க வேண்டும், அரைநாள் வேலை. 9310 ஸ்டீலில் செய்த ரேஸ் கியர் அடி தாங்கும், ஆனால் மேல்பரப்பு மென்மை, தெருவில் தினமும் ஓட்டினால் சீக்கிரம் தேய்ந்துவிடும். தெருவிலும் ஓட்டுகிற வண்டி என்றால் சாதாரண கியரே போடுங்கள்.

வழுக்கலை அளப்பது

இதைத்தான் கவனமாகப் படிக்கச் சொல்வேன். நம் வண்டி 4.30 கியரில், 140 மைலில், எஞ்சின் 6,700 காட்டிக்கொண்டு கோட்டைக் கடந்தது என்று வைத்துக்கொள்வோம். டயரை 32 என்று போட்டுக் கணக்குப் பண்ணினால் டிரைவ் ஷாஃப்ட் 6,320, வழுக்கல் 5.7 சதவீதம். அருமையான கன்வெர்ட்டர்! அதே ஓட்டம், அதே லாக், டயரை 33 என்று போட்டால் டிரைவ் ஷாஃப்ட் 6,130, வழுக்கல் 8.5 சதவீதம். இப்போது, அதிகம் வழுக்குகிறது என்ற பொருளில், 'கொஞ்சம் லூஸ், அனுப்பி இறுக்கச் சொல்லலாம்' என்று தோன்றும். ஒரு இன்ச் வித்தியாசத்தில் கன்வெர்ட்டர் நல்லதாகவும் கெட்டதாகவும் மாறிவிட்டது.

சென்சார் இருந்தால் இந்தத் தொல்லை இல்லை. டாப் கியரில் எஞ்சின் ஆர்பிஎம்மிலிருந்து டிரைவ் ஷாஃப்ட் ஆர்பிஎம்மைக் கழித்து, எஞ்சின் ஆர்பிஎம்மால் வகுத்தால் வழுக்கல் நேரடியாகக் கிடைக்கும், டயர் கணக்கிலேயே வராது. அதற்கப்புறம் அதே எண்ணை வைத்து டயரின் உண்மையான விட்டத்தையும் பிடிக்கலாம்: மைல் × 336 × ரேஷியோ ÷ டிரைவ் ஷாஃப்ட் ஆர்பிஎம். ஒன்றை மட்டும் மறக்காதீர்கள், சீட்டில் அச்சாகும் வேகம் கோட்டில் இருந்த வேகம் இல்லை, கடைசி 66 அடியின் சராசரி. ஆகவே லாகில் உச்ச எண்ணை எடுக்காமல் கடைசி அரை நொடிக்குள் இருக்கும் சராசரியை எடுங்கள். மேல் முனையில் டயர் சுழன்றிருந்தாலும் இந்தக் கணக்கு கெட்டுவிடும், டிரைவ் ஷாஃப்ட் கோடு வழவழப்பாக ஏறாமல் திடீரென்று துள்ளியிருந்தால் அந்த ஓட்டத்தைத் தள்ளிவிடுங்கள்.

எவ்வளவு வழுக்கல் சரி? நன்றாகச் செய்த கன்வெர்ட்டர் பிக் பிளாக்கின் பின்னால் டாப் கியரில் 5 முதல் 8 சதவீதத்துக்குள் நிற்கும். 10-ஐத் தாண்டினால் வேகத்தைச் சூடாக மாற்றிக்கொண்டிருக்கிறீர்கள் என்று அர்த்தம். 3, 4 என்று வந்தால் சந்தோஷப்படுவதற்கு முன் கிளம்பும் பக்கத்தைப் பாருங்கள், அங்கே வண்டி முக்கிக்கொண்டிருக்கலாம்.

ஸ்டால் என்பது கன்வெர்ட்டரின் எண் மட்டும் இல்லை

ஸ்டால் என்பது, கன்வெர்ட்டரின் வெளியே போகும் பக்கத்தைச் சுற்றவிடாமல் பிடித்து முழு த்ராட்டில் கொடுத்தால் எஞ்சின் ஏறி நிற்கும் ஆர்பிஎம். '4,000 ஸ்டால் கன்வெர்ட்டர்' என்று யாராவது விற்றால், எந்த எஞ்சினுக்குப் பின்னால் 4,000 என்று கேளுங்கள். ஸ்டால் ஆர்பிஎம், எஞ்சின் தரும் டார்க்கின் வர்க்க மூலத்தோடு ஏறி இறங்கும். 400 பவுண்டு-அடி ஸ்மால் பிளாக்கில் 4,000 என்றால், 4,000-ஐ 400-ன் வர்க்க மூலமான 20-ஆல் வகுக்க 200 வரும். அந்தக் கன்வெர்ட்டரின் குணம் அந்த 200-தான். நம் 650 பவுண்டு-அடி எஞ்சினுக்குப் பின்னால் மாட்டினால் 200 × 25.5, அதாவது 5,100-ல் போய் நிற்கும். யாரோ ஸ்மால் பிளாக்குக்கு வாங்கிய கன்வெர்ட்டர் நமக்குக் கச்சிதமாக அமைந்துவிட்டது, ஏனென்றால் கிளம்பும்போது எஞ்சின் பாயும் ஆர்பிஎம் டார்க் உச்சத்திலோ, அதற்கு ஒரு 300, 500 மேலேயோ இருக்க வேண்டும் என்பதுதான் விதி. ஆனால் உள்ளே வலு தாங்குமா என்பது வேறு கேள்வி. ஃபின்களை (உள்ளே இருக்கும் இறக்கைகளை) பிரேஸ் பண்ணி ஒட்டியிருக்கிறதா, பலூன் மாதிரி உப்பாமல் இருக்க முன்னால் கனமான தகடு இருக்கிறதா என்று கேட்காமல் 650 பவுண்டு-அடிக்கும் ட்ரான்ஸ்பிரேக்குக்கும் (கிளம்பும்வரை கியர்பாக்ஸைப் பூட்டி வைக்கும் பிரேக்) நடுவில் அதை வைக்காதீர்கள்.

ஸ்டாலை மூன்று விதமாகச் சொல்வார்கள், மூன்றும் வேறு எண். கால் பிரேக்கை மிதித்துக்கொண்டு ஏற்றினால் டயர் தள்ளிவிடும், பிக் பிளாக்கில் அந்த எண்ணுக்கு மதிப்பே இல்லை. ட்ரான்ஸ்பிரேக்கில் பிடித்து முழு த்ராட்டிலில் ஏறி நிற்கும் எண் கன்வெர்ட்டரும் எஞ்சினும் மட்டும் சேர்ந்த எண், அதில் பின் கியருக்கோ வண்டி எடைக்கோ பங்கில்லை. இந்தச் சோதனையை இரண்டு மூன்று நொடிக்கு மேல் செய்யாதீர்கள், உள்ளே ஆயில் அவ்வளவு வேகமாகச் சூடாகும். மூன்றாவது, கிளம்பிய உடனே லாகில் தெரியும் பாய்ச்சல், அதாவது எஞ்சின் ஒரேயடியாகப் பாய்ந்து ஏறும் ஆர்பிஎம். எனக்கு வேண்டியது இதுதான், காரணம் இதில்தான் எடை, கியர், டயர் பிடிப்பு எல்லாம் சேர்ந்து வருகின்றன.

கியர் மாறும் இடத்தையும் அதே லாகில் பாருங்கள். பவர்கிளைட்டில் முதல் கியர் 1.76. 6,900-ல் மாற்றினால், வழுக்கலே இல்லாத உலகத்தில் எஞ்சின் 3,920-க்கு விழுந்துவிடும், அங்கே நம் எஞ்சின் தூங்கும். அப்படி விழாமல் 5,400, 5,500-ல் தாங்கிப் பிடிப்பது கன்வெர்ட்டர்தான். டார்க் உச்சத்துக்குக் கீழே விழுந்தால் இறுக்கம் அதிகம். மாறியும் ஊசி 6,400-லேயே நின்று அப்படியே மெல்ல நகர்ந்தால் லூஸ். டர்போ 400 என்ற மூன்று கியர் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸில் 2.48, 1.48, 1.00 என்று மூன்று படி இருப்பதால் விழும் உயரம் குறைவு, அதற்குக் கொஞ்சம் இறுக்கமான கன்வெர்ட்டரே போதும்.

அதற்காக எல்லோரும் 400-க்கு மாற வேண்டியதில்லை. காகிதத்தில் போட்டுப் பாருங்கள்: 650 பவுண்டு-அடி, ஸ்டாலில் கன்வெர்ட்டர் அதை இரண்டு மடங்காக்குகிறது, முதல் கியர் 1.76, பின்னால் 4.30, டயர் ஆரம் 16 இன்ச். டயர் தரையைத் தள்ளும் விசை 7,400 பவுண்டு, வண்டி எடையைப் போல 2.2 மடங்கு. அதே வண்டியில் 2.48 கியர் என்றால் 10,400, மூன்று மடங்கு. எந்த ரேஸ் பாதையில் அது பிடிக்கும்? 3,400 பவுண்டுக்கும் குறைந்த பிக் பிளாக் வண்டிக்குப் பவர்கிளைட் பொருந்துவது இதனால்தான். 3,700, 3,800 பவுண்டு இழுக்கும் பெரிய உடம்புக்கு 400 போடுங்கள், பின் கியரைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாம்.

சீட்டைப் படிப்பது

கிளம்பி முதல் 60 அடியைக் கடந்த நேரம் நன்றாக இருக்கிறது, 330 அடியும் பரவாயில்லை, ஆனால் கோட்டில் வேகம் குறைவு, ஆர்பிஎம் கணக்கைவிட அதிகம், ஆயில் சூடாக வருகிறது: கன்வெர்ட்டர் லூஸ். இதற்கு நேரெதிராக, 60 அடியில் சோம்பல், கிளம்பும்போது எஞ்சின் 4,300-ல் மூச்சு வாங்குகிறது, ஆனால் மேலே வேகம் நன்றாக இருக்கிறது: இறுக்கம். இரண்டிலும் சேராத மூன்றாவது வகைதான் ஏமாற்றும். 60 அடி மோசம், பாய்ச்சல் 5,800 வரை போயிருக்கிறது, பார்த்தால் லூஸ் கன்வெர்ட்டர் போலவே தெரியும், உண்மையில் டயர் சுழன்றிருக்கும். டிரைவ் ஷாஃப்ட் கோட்டின் முதல் அரை நொடியைப் பெரிதாக்கிப் பாருங்கள். செங்குத்தாக ஏறி, பின் தட்டையாகி, அல்லது இறங்கி, மறுபடி ஏறினால் அது டயர். ஷாக்கையும் டயர் காற்றையும் கவனியுங்கள், கன்வெர்ட்டரைக் கழற்றாதீர்கள்.

அரைக்கால் மைல், அதாவது 660 அடியில் உள்ள வேகத்தையும் கால் மைல் வேகத்தையும் ஒப்பிடுவது நல்ல பழக்கம். இரண்டாவதை முதலாவதால் வகுத்தால் பொதுவாக 1.25-ஐ ஒட்டி வரும், 112-க்கு 140 மாதிரி. அதைவிட நன்றாகக் குறைந்தால் பின் பாதியில் ஏதோ தின்கிறது. கியர் அதிகமாகி எஞ்சின் பவர் உச்சத்தைத் தாண்டிக் களைத்துப்போகலாம், கன்வெர்ட்டர் வழுக்கலாம், பெட்ரோல் பம்ப்கூட பின்தங்கலாம். வழுக்கல் எண் கையில் இருந்தால் இதில் ஒன்றை உடனே அடித்துவிடலாம்.

மாற்றும்போது ஒரு நேரத்தில் ஒன்று. முதலில் காற்றும் ஷாக்கும், அப்புறம் கிளம்பும் ஆர்பிஎம், அப்புறம் கியர் மாற்றும் ஆர்பிஎம். இவை செலவில்லாதவை. அதற்குப் பிறகும் பாய்ச்சல் தப்பாக இருந்தால் கன்வெர்ட்டர். போல்ட் போட்ட கன்வெர்ட்டர் என்றால் நடுவில் ஆயிலைத் திருப்பிவிடும் சக்கரமான ஸ்டேட்டரை மட்டும் மாற்றிச் சில நூறு ஆர்பிஎம் ஏற்றி இறக்கலாம். வெல்டு பண்ணியது என்றால் செய்தவரிடமே அனுப்ப வேண்டும். அனுப்பும்போது 'லூஸா இருக்கு' என்று எழுதாதீர்கள், லாக், எடை, டைனோ சீட்டு, டயர் விட்டம், நான்கையும் அனுப்புங்கள். பின் கியரைக் கடைசியாகத் தொடுங்கள், ஏனென்றால் கன்வெர்ட்டர் வழுக்கல் 9-லிருந்து 6 ஆனாலே கோட்டில் ஆர்பிஎம் 200 இறங்கிவிடும், நேற்று சரியாக இருந்த கியர் இன்று குறைவாகத் தெரியும்.

மாட்டும்போது

கன்வெர்ட்டருக்குள் ஒரு குவார்ட்டாவது ஆயில் ஊற்றிவிட்டு மாட்டுங்கள். சுற்றிக்கொண்டே தள்ளினால் படிப்படியாக உள்ளே இறங்கும், கடைசிப் படி கியர்பாக்ஸின் ஆயில் பம்ப். அது இறங்காமல் பெல் ஹவுசிங் போல்ட்டை முறுக்கி இழுத்தால் பம்ப் போச்சு. எல்லாம் இறுகிய பின் கன்வெர்ட்டர் கையால் முன்னும் பின்னும் நகர வேண்டும், எஞ்சின் பின்னால் உள்ள தகடான ஃப்ளெக்ஸ்பிளேட்டைத் தொட 1/8 முதல் 3/16 இன்ச் வரை முன்னால் வர வேண்டும். அதற்கு மேல் இடைவெளி என்றால் வாஷர் போட்டு நிரப்புங்கள், இல்லையென்றால் ஹப் பம்பில் முழுசாகப் பிடிக்காது. ஃப்ளெக்ஸ்பிளேட் எஸ்எஃப்ஐ (ரேஸ் பாகங்களுக்கான பாதுகாப்புத் தரம்) 29.1 சான்று பெற்றதாக இருக்கட்டும், கியர்பாக்ஸுக்கு 4.1 கவசம். காலுக்கு அருகில் சுற்றுகிற இரும்பு, இதில் பேரம் பேசாதீர்கள்.

கியர்பாக்ஸ் ஆயில் சூட்டை ஒவ்வொரு ஓட்டத்துக்கும் ஒரே அளவில் கொண்டுவாருங்கள். 160 டிகிரி ஃபாரன்ஹீட் என்று முடிவு செய்தால் எப்போதும் 160. ஒரு முறை 120, அடுத்த முறை 200 என்று போனால் பாய்ச்சலும் நேரமும் மாறும், நீங்கள் டயர் காற்றைக் குற்றம் சொல்வீர்கள். கியர்பாக்ஸ் அடித்தட்டில் உள்ள பான் சென்சார் காட்டுவதைவிட கன்வெர்ட்டரிலிருந்து வெளியே வரும் ஆயில் எப்போதும் சூடாக இருக்கும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

காற்றும் இதில் கை வைக்கும். வெயில் ஏறி, காற்று மெலிந்து, எஞ்சின் 10 சதவீத டார்க்கை இழந்தால் ஸ்டால் 5 சதவீதம் இறங்கும், நம் வண்டியில் 250 ஆர்பிஎம். குளிர்ந்த காலையில் கச்சிதமாக இருந்த கன்வெர்ட்டர் மதியம் இறுக்கமாகத் தெரிவது இதனால்தான். நைட்ரஸ் (கூடுதல் பவருக்காக எஞ்சினுக்குள் செலுத்தும் வாயு) போட்டால் எதிர்ப்பக்கம் நடக்கும், டார்க் ஏறுவதால் அதே கன்வெர்ட்டர் லூஸாகிவிடும், ஆகவே நைட்ரஸோடு ஓட்டப் போகிறீர்கள் என்றால் ஆர்டர் கொடுக்கும்போதே எத்தனை குதிரைத்திறன் ஷாட் என்று சொல்லிவிடுங்கள். நைட்ரஸ் பாட்டில் இல்லாத ஓட்டத்தில் கொஞ்சம் இறுக்கமாக இருக்கும், அதைப் பொறுத்துக்கொள்ளலாம்.